கான்சர்டினா படங்களுக்குக் கீழே இரண்டு வரி சேருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இணையத்தில் கிடைத்த வேடிக்கையான கான்சர்டினா படங்களைத் தொகுத்து ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். உள்ளங்கையில் அடங்கும் குட்டி ஒன்று, மடியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பூதம் ஒன்று, கோமாளி கையில் ஒன்று, கடற்கொள்ளையன் கையில் ஒன்று. வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் எந்தப் படத்தின் கீழும் அது எந்தக் காலத்தது, ஏன் அப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தைகூட இல்லை. அந்தக் குறையைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இந்த வாத்தியத்தில் கோணங்கித்தனமாகத் தெரிகிற பலவற்றுக்கும் காரணம் உண்டு. படத்தைவிட அந்தக் காரணம்தான் சுவாரசியம்.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு பக்கமும் பெரும்பாலும் அறுகோணப் பலகை, நடுவில் மடிப்பு மடிப்பாகத் துருத்தி, பலகைகளில் பொத்தான்கள். துருத்தியை இழுக்கும்போதும் அமுக்கும்போதும் காற்று உள்ளே இருக்கும் உலோக ரீடுகளை, அதாவது மெல்லிய தகட்டு நாக்குகளை, அதிரவைக்கிறது. ஆர்மோனியம் ஒலிப்பதும் இதே முறையில்தான்.

இங்கிலாந்தில் இதை உருவாக்கியவர், பள்ளி இயற்பியலில் சமனச்சுற்று படித்தோமே, அதே சார்லஸ் வீட்ஸ்டன். (அந்தச் சுற்றை முதலில் 1833-இல் யோசித்தவர் சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி. 1843-இல் அதைப் பரவலாக அறியச் செய்தவர் வீட்ஸ்டன் என்பதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது.) குடும்பத் தொழில் இசைக்கருவி வியாபாரம். 1829-இல், வாயால் ஊதும் சிம்ஃபோனியம் என்ற சிறு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் கான்சர்டினா. அதற்கென்று 1844-இல் இன்னொரு காப்புரிமை. நடுவில் குக் என்பவரோடு சேர்ந்து மின்தந்தி, தட்டையான படத்தில் ஆழம் தெரியவைக்கும் ஸ்டீரியோஸ்கோப் என்று வேறு வேலைகளும் நடந்தன.

அவருடைய பொத்தான் அமைப்பைப் பார்த்துக் கிண்டல் செய்யாதவர்கள் குறைவு. சுர வரிசை ஒரே கையில் ஏறாது. ஒரு சுரம் இடக்கையில், அடுத்தது வலக்கையில் என்று மாறி மாறித் தாவும். மேற்கத்திய இசைத்தாளில் கோட்டின் மேல் விழும் சுரங்கள் இடக்கைக்கு, கோடுகளுக்கு நடுவே விழுபவை வலக்கைக்கு. யோசித்துப் பார்த்தால் எவ்வளவு அழகான ஏற்பாடு! வேகமான வரிசைகளை இரண்டு கைகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன, தாளைப் பார்த்த மாத்திரத்தில் எந்தக் கை என்பதும் தெரிந்துவிடுகிறது.

அப்புறம், பொத்தான்களின் எண்ணிக்கை. பியானோவில் டி ஷார்ப், ஈ ஃபிளாட் என்ற இரண்டு மேற்கத்திய சுரப் பெயர்களுக்கும் ஒரே கறுப்புக் கட்டைதான். 48 பொத்தான் உள்ள இங்கிலிஷ் கான்சர்டினாவில் (வீட்ஸ்டன் வகைக்கு அதுதான் பெயர்) இரண்டுக்கும் தனித்தனிப் பொத்தான். ஜி ஷார்ப்புக்கும் ஏ ஃபிளாட்டுக்கும் அப்படியே. ஒரே சுரத்துக்கு இரண்டு பொத்தான் வைத்த மேதாவி யார் என்று இணையத்தில் சிரிக்கிறார்கள். ஆரம்பகாலக் கருவிகளில் அவை ஒரே சுரமாக இருக்கவில்லை என்பதுதான் விஷயம். மீன்டோன் என்ற பழைய முறையில் சுருதி சேர்த்தபோது, அந்த இரண்டுக்கும் காதுக்குத் தெளிவாகத் தெரிகிற வேறுபாடு இருந்தது. பாட்டு எந்தச் சுர வரிசையில் போகிறது என்று பார்த்து, சுத்தமாக இழையும் சுரத்தை வாசிப்பவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பின்னால் சம இடைவெளிச் சுருதி வந்து வேறுபாடு மறைந்தது. பொத்தான்கள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன. சுருதியில் அக்கறையுள்ள எந்த வாசகரும் இந்தத் தகவலைக் கேட்டால் அந்தப் படத்தை இன்னொரு முறை எடுத்துப் பார்ப்பார்.

உங்கள் பக்கத்தில் இருந்த குட்டி, பொம்மை அல்ல. ரீடு குட்டையாக இருப்பதால் குரல் உச்சத்தில் கிடக்கும். துருத்தியில் கொஞ்சமே காற்று பிடிப்பதால் கை ஓயாமல் இழுத்து அமுக்க வேண்டும். மேடையில் அந்தப் பரபரப்பே பாதி வேடிக்கை. சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற கோமாளி கிராக் கான்சர்டினாவை நன்றாக வாசிக்கத் தெரிந்தவர். சிரிப்பு மூட்டினாலும் வாசிப்பு அசல்.

பூதத்தின் கதை நேர்மாறு. தாழ்ந்த சுரத்துக்கு நீளமான ரீடு வேண்டும், அதற்குக் காற்று ஏராளமாக வேண்டும். ஆகவே பெரிய பாஸ் கருவிகள் பலவற்றில் ஒரு திசையில் மட்டும்தான் ஒலி. மறுதிசையில் ஒரு வால்வு திறந்து காற்றைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். இங்கிலாந்தின் வடபகுதியில் சிறிதும் பெரிதுமாகக் கான்சர்டினாக்களை மட்டுமே வைத்து முழு வாத்தியக் குழுக்கள் இயங்கின. யார்க்‌ஷயரின் மெக்ஸ்பரோவில் அப்படி ஒரு குழு இருந்தது. அதுபோன்ற குழுக்களில் அடித்தளச் சுரங்களைத் தாங்கியது இந்தப் பூதம்தான்.

கடற்கொள்ளையன் படம் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. புகழ்பெற்ற கடற்கொள்ளையன் பிளாக்பியர்ட் செத்தது 1718-இல். வீட்ஸ்டனின் முதல் காப்புரிமைக்கே அதற்குப் பிறகு 111 ஆண்டுகள் ஆயின. 19-ஆம் நூற்றாண்டு மாலுமி கையில் இருந்தால் சரி, கொள்ளையன் கையில் அதற்கு வேலையே இல்லை. அந்த இடத்தில் ஆர்தர் பால்ஃபரைப் போட்டிருக்கலாம். 1902 முதல் 1905 வரை பிரிட்டிஷ் பிரதமராக இருந்தவர், கான்சர்டினா வாசிப்பார். இது கற்பனை இல்லை என்பதாலேயே கூடுதல் வேடிக்கை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1834-இல் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் கார்ல் ஃபிரெட்ரிக் ஊலிக் தனியாக ஒரு வகையைச் செய்தார். அதில் ஒரே பொத்தான், இழுத்தால் ஒரு சுரம், அமுக்கினால் வேறு சுரம், மௌத் ஆர்கன் மாதிரி. அந்த வம்சத்துக் கருவிகள் அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் வேரூன்றின, தென்னாப்பிரிக்காவுக்கும் போயின. அங்கே ஜூலு கலைஞர்கள் தங்கள் இசைக்கு ஏற்றபடி உள்ளே இருக்கும் சுரங்களின் அமைப்பையே மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் வாசிக்கும் காணொளிகளுக்குக் கீழே ‘சுருதி கெட்ட பெட்டி’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஒரு இசை மரபு வேண்டுமென்றே செய்துகொண்ட மாற்றம் அது. வேடிக்கைப் பக்கத்தில் போடுவதாக இருந்தாலும் இதைச் சொல்லாமல் போடக்கூடாது.

தகவலைத் தேடுவதும் கடினமில்லை. லண்டனின் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் பெரிய கான்சர்டினா சேகரிப்பு இருக்கிறது. வீட்ஸ்டன் நிறுவனத்தின் பழைய பேரேடுகளும் அங்கே உள்ளன. அவற்றை இணையத்திலேயே பார்க்கலாம். பழைய வீட்ஸ்டன் கருவி ஒன்றின் வரிசை எண் தெரிந்தால் அது எந்த ஆண்டில் கடையை விட்டுப் போனது என்று பல சமயம் கண்டுபிடித்துவிடலாம். வாங்கியவர் பெயர்கூடச் சில பதிவுகளில் இருக்கும். ஆகவே இனிமேல் இத்தகைய படங்களை வெளியிடும்போது செய்தவர், ஆண்டு, காரணம் என இரண்டு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மறுபடி ஒரு பக்கம் ஒதுக்க முடியுமானால், ஜெர்மனியின் லைப்ஸிக்கில் செய்யப்பட்ட டான்ஸ்பேர் படத்தைத் தேடிப் போடுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கான கான்சர்டினா அது. உள்ளே துளையிட்ட காகிதச் சுருள் ஓடும், எந்தச் சுரம் எப்போது என்பதை அந்தத் துளைகள் பார்த்துக்கொள்ளும். பிடித்திருப்பவர் துருத்தியை இழுத்து அமுக்கி, சுருளை ஓட்டும் நெம்புகோலை இயக்கினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்