அருங்காட்சியகம் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நலிந்துவரும் கைத்தொழில்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, மாவட்டத்துக்கு ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்ற கோரிக்கையோடு முடிந்திருந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அட்லாண்டாவில் மகள் வீட்டில் இருந்தபோது போய்ப் பார்த்த ஓர் இடத்தைச் சொன்னால் காரணம் விளங்கும்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தின் மேற்குக் கோடியில், அப்பலாச்சிய மலைகளுக்கு நடுவே பிராஸ்டவுன் என்றொரு சிற்றூர். மலைமக்களின் வாழ்க்கையை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்த ஜான் சி. கேம்ப்பெல் 1919-இல் இறந்துபோனார். அவருடைய மனைவி ஆலிவ், டென்மார்க்கின் கிராமியப் பள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்து, மார்கரீட் பட்லர் என்ற தோழியோடு சேர்ந்து 1925-இல் கணவர் பெயரில் ஒரு பள்ளியை அங்கே தொடங்கினார். இன்றும் அது நடக்கிறது. தேர்வும் மதிப்பெண்ணும் கிடையாது. மலையில் குடியேறியவர்கள் பிழைப்புக்காகச் செய்துவந்த வேலைகள் பாடமாக இருக்கின்றன: இரும்படிப்பது, நூற்பது, நெய்வது, வெள்ளை ஓக் மரத்தை நார் நாராகப் பிளந்து கூடை முடைவது.

துடைப்பம் கட்டவும் வகுப்பு உண்டு. "இதுக்குமா ஃபீஸ் கட்டுறாங்க?" என்று மருமகன் சிரித்தார். துடைப்பத்துக்கென்றே வளர்க்கும் ஒருவகைச் சோளத்தின் கதிர்த்தாளை நனைத்து, கம்பைச் சுற்றி அடுக்கி, கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டுகிறார்கள். பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் தாள் உதிர்ந்துவிடும். சிரித்துவிட்டுப் போகிற வேலையில்லை அது.

எனக்கு மிகவும் பிடித்தது மரச்சிற்பிகள் கதை. ஊர்க் கடை வாசலில் வேலையற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து, பொழுது போகாமல் பேனாக்கத்தியால் பெஞ்சையே சீவிக்கொண்டிருந்தார்களாம். கண்டித்துவிட்டுப் போகாமல், அந்தக் கைகளுக்கு மரக்கட்டையைக் கொடுத்தார் ஆலிவ். வாத்து, பன்றி, கோவேறு கழுதை எனத் தாங்கள் அன்றாடம் பார்ப்பவற்றையே செதுக்கினார்கள். பொருளாதார மந்தக் காலத்தில் பல விவசாயக் குடும்பங்களுக்குக் கையில் பணம் வந்தது இப்படித்தான். 1930-இல் மலைநாட்டுக் கைவினைஞர் சங்கம் உருவானபோதும் அதில் ஆலிவின் பங்கு இருந்தது. பள்ளியின் கடையில் இன்றும் அந்த மரபுச் சிற்பங்கள் விற்பனைக்கு இருக்கின்றன. வாங்க ஆளும் கற்க ஆளும் இருந்ததால்தான் தொழில் நிலைத்தது.

குறைகளும் உண்டு. ஒரு வார வகுப்புக்கே கட்டணம் அதிகம். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் தனியே கட்ட வேண்டும். நான் பார்த்தவரை வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்ற, வசதியுள்ள வெளியூர்க்காரர்கள். கோடையில் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு நடத்துகிறார்கள் என்பது ஓரளவு ஆறுதல். இன்னொன்று: குடியேறிய முன்னோடிகளின் திறன் என்று அங்கே பெருமையாகப் பேசும்போது, அது யாருடைய நிலம் என்ற கேள்வி எளிதில் மறைந்துவிடுகிறது. 1838-இல் அந்த மலையின் பூர்வகுடிகளான செரோக்கி மக்களைப் படையை வைத்து வெளியேற்றியபோது அந்தப் பகுதிக்குத் தலைமையிடமாக இருந்த பட்லர் கோட்டை, பக்கத்து ஊரான மர்ஃபியில்தான் இருந்தது. மலையை விட்டுப் போகாமல் தங்கிய செரோக்கிகளின் வழிவந்தவர்கள், 1946-இல் தொடங்கிய தங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் ஆற்று மூங்கில் கூடைகளை விற்றுவருகிறார்கள். முன்னோடிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்த கைவேலை அது.

உங்கள் கட்டுரையாளர் பாய் நெய்பவர்களையும் மண்பாண்டம் வனைபவர்களையும் நேரில் சந்தித்து எழுதியிருந்தார். நல்ல உழைப்பு. அடுத்த முறை அவர்களிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்: ஒரு பாய்க்குக் கைக்கு என்ன மிஞ்சுகிறது, யார் வாங்குகிறார்கள், வெளியாள் ஒருவர் கற்க வந்தால் சொல்லிக்கொடுப்பார்களா. இவற்றுக்குப் பதில் தெரிந்த பிறகு கட்டடம் வேண்டுமா என்று பேசலாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
திருநெல்வேலி