நான்கு பேர் தூக்கி வந்த கட்டில்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13

அன்பின் சிநேகிதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததை வாசித்து நிம்மதியடைந்தேன். இடமாற்றம் கைகூடாதது வருத்தம்தான். ஆனாலும் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பிக்க உன்னைப் போல ஒருத்தி கிடைத்தது மட்டக்களப்புப் பிள்ளைகளின் பாக்கியம் என்றே நினைக்கிறேன்.

என் சின்னவனின் வெண்குருதிப் புற்றுநோயைப் பற்றி முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். முதற்கட்டச் சிகிச்சை முடிந்ததும் எடுத்த என்புமச்சை (எலும்புக்குள் இரத்தம் உருவாகும் பகுதி) பரிசோதனையில் புற்றுக்கலங்கள் 5 வீதத்துக்கும் குறைவு என்று வந்தது. நோய் அடங்கியிருக்கிறது என்கிறார்கள் வைத்தியர்கள். முற்றாகக் குணமாகிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சியிருக்கும் கலங்கள் மறுபடி பெருகாமல் இருக்க மருந்து தொடர வேண்டும். எல்லாமாக இரண்டு மூன்று வருடச் சிகிச்சை இது. இப்போது வீட்டிலேயே குளிசை கொடுக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டோம். கிளினிக் நாட்களில் மட்டும் மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போகிறோம்.

எங்கள் சமையலறைச் சுவரில் கோவில் நாட்காட்டி தொங்குமே, இந்த வருடத்து நாட்காட்டியை நீ பார்க்க வேண்டும். புனிதர்களின் திருநாட்கள் அச்சிட்ட கட்டங்களுக்குள்ளேயே என் கணவர் பென்சிலால் 'அரை', 'முழு' என்று எழுதி வைத்திருக்கிறார். மெர்காப்டோபியூரின் குளிசை ஒரு நாள் அரை, மறுநாள் முழுது. இரத்த அறிக்கையைப் பார்த்து வைத்தியர் அளவை மாற்றினால் அழித்துவிட்டு எழுத வேண்டும். இரவு செபமாலை முடிந்ததும் கையுறை போட்டுக்கொண்டு, அதற்கென்றே வைத்திருக்கும் சிறு வெட்டியில் குளிசையைப் பாதியாக்குகிறார். புதன்கிழமைகளில் சிவப்பு வட்டம் இருக்கும். அது மெதோட்ரெக்சேட். கிழமையில் ஒரு நாள்தான் அதைக் கொடுக்கலாம். தவறி நாள்தோறும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் மூத்தவள் எண்ணிப் பார்த்து, கட்டத்தின் மூலையில் தன் கையெழுத்தை வைத்த பிறகுதான் குளிசை அவன் வாய்க்குப் போகும்.

இத்தனைக்கும் நடுவில் செபிக்க முடிகிறதா என்று கேட்டிருந்தாய். ஆரம்ப மாதங்களில் முடியவில்லை. முள்ளந்தண்டில் மருந்தேற்ற அவனை உள்ளே கொண்டுபோன பிறகு, வெளியே நின்று 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்குவேன். பாதியில் நா எழாது. அந்த நாட்களில் மாற்கு நற்செய்தியில் வரும் முடக்குவாதக்காரனையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான்கு பேர் அவனைக் கட்டிலோடு தூக்கி வருகிறார்கள். கூட்டம் வழிவிடவில்லை. கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். கட்டிலில் கிடந்தவன் ஒரு வார்த்தை சொன்னதாகவும் அங்கே எழுதியில்லை. தூக்கி வந்தவர்களின் நம்பிக்கையைப் பார்த்துத்தான் இயேசு அவனோடு கதைக்கத் தொடங்குகிறார். மறைக்கல்வி வகுப்பில் நாம் இருவரும் எத்தனை தடவை கேட்ட கதை! எனக்குச் செபம் வராத நாட்களிலும் எங்கள் கட்டில் நகர்ந்துகொண்டுதான் இருந்தது என்பதை இப்போது நம்புகிறேன்.

தூக்கியவர்கள் யாரென்று கேள். இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுகள் பத்தாயிரத்துக்கும் கீழே இறங்கிய ஓரிரவு, சின்னவனுக்கு மூக்கால் இரத்தம் நிற்காமல் வந்தது. தாதி கொண்டுவந்து தொங்கவிட்ட பையில் இருந்தது சிவப்பு இரத்தமல்ல, வைக்கோல் நிறத் திரவம். சிறுதட்டுகளை ஐந்து நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாதாம். அப்படியென்றால் அந்தக் கிழமையில்தான் யாரோ ஒருவர் எங்கோ ஓரிடத்தில் கையை நீட்டிக் கொடுத்திருக்கிறார். அவர் யார், எந்தச் சமயம், எந்த மொழி, ஒன்றும் தெரியாது. அடுத்த கட்டில் பிள்ளையின் தாய் மொனராகலைப் பக்கத்துச் சிங்களப் பெண். விகாரையில் பிக்குகள் ஓதிக் கொடுத்த பிரித் நூலில் பாதியை அறுத்துச் சின்னவனின் கையில் கட்டினார். ஒரு கையில் பிரித் நூல், மறு கையில் ஊசிக்குழாய், தலையணைக்கடியில் செபமாலை என்று உறங்கினான் என் பிள்ளை.

செவ்வாய்க்கிழமைகளில் மாமி கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போகிறார். 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த அதே கோவில். அன்று பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் அங்கே மாமியைக் காணும்போதெல்லாம் சின்னவனை விசாரித்து, அவனுக்காகவும் ஒரு மெழுகுதிரி ஏற்றுகிறாராம். தன் பிள்ளை திரும்பி வராத ஒருத்தி என் பிள்ளைக்காக முழந்தாளில் நிற்கிறாள். இதை எழுதும்போதே கண் நிறைகிறது.

நான் முகம் பார்த்திராதவர்களும் உண்டு. இது உனக்குப் பிடிக்கும், உன் வகுப்பிலும் சொல். அந்தப் புதன்கிழமை மருந்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். தெலுங்கர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போனவர். கலங்கள் பிரிவதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. அதைப் போலவே தோற்றமளித்து அதன் வேலையைத் தடுக்கும் பொருட்களை அவருடைய ஆய்வகம் செய்தது. அவற்றில் ஒன்றைக் கொடுத்துப் பிள்ளைகளின் வெண்குருதிப் புற்றுநோயைச் சில காலம் அடக்க முடிந்ததாக பொஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற வைத்தியர் 1948இல் அறிவித்தார். அதே வருடம் சுப்பாராவ் இறந்துபோனார். நாங்கள் பாதியாக்கும் குளிசை விஞ்ஞானிகளான கெர்ட்ரூட் எலியனும் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸும் கண்டது. தாத்தா புற்றுநோயால் இறந்ததைப் பார்த்து 15 வயதில் விஞ்ஞானம் படிக்கத் தீர்மானித்தவர் எலியன். 1988இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கூரையைப் பிரித்தவர்களில் இவர்களையும் நான் சேர்த்துக்கொள்கிறேன்.

கட்டிலைப் பிடித்து இழுத்தவர்களும் வந்தார்கள். ஒருத்தி வீடு தேடி வந்து, எங்கள் குடும்பத்தில் மறைவான பாவம் இருப்பதாகவும், மருந்தை நிறுத்திவிட்டுப் பிள்ளையைச் சுகமளிக்கும் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னாள். என் கணவர் எழுந்து போய் வாசற்கதவைத் திறந்துவிட்டார். பிறவியிலேயே பார்வையில்லாதவனைக் கண்டு சீடர்களும் இதைத்தான் கேட்டார்கள். அவனும் பாவம் செய்யவில்லை, பெற்றோரும் செய்யவில்லை என்று இயேசு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாரே! அதற்குப் பிறகும் ஒரு தாயிடம் வந்து இப்படிச் சொல்ல எப்படி மனம் வருகிறது? எனக்குக் கோபம் தணியவில்லை, தணியவும் வேண்டாம். அதை நம்பி மருந்தை நிறுத்தும் வீட்டில் பிள்ளை செத்துப்போகும்.

எங்கள் பங்குத்தந்தை வேறு மாதிரி. முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவி, முகக்கவசம் கட்டி, நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில் பூசுதல் கொடுத்தார். பிரசங்கம் எதுவும் இல்லை. பிறகு அவனோடு இருந்து கேரம் விளையாடிவிட்டுப் போனார்.

மூத்தவளை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு கனக்கிறது. நத்தாருக்கு முன் அவளுடைய வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கொப்புளிப்பான் வந்துவிட்டது. எதிர்ப்புச் சக்தி இல்லாத சின்னவனுக்கு அது தொற்றினால் உயிராபத்து. அவளுக்கும் தொற்றியிருக்கிறதா என்று தெரிய 21 நாட்கள் வரை பொறுக்க வேண்டும். வத்தளையில் சித்தி வீட்டுக்கு அனுப்பினோம். நத்தாரன்று பூசை முடிந்து சித்தியோடு வந்தாள், புதுச் சட்டையோடு வீதியிலேயே நின்றாள். சின்னவன் மேல்மாடி ஜன்னலில். கையிலிருந்த கேக் பெட்டியைக் கேற்றடியில் வைத்துவிட்டு, "மொட்டை, உனக்குக் கூடப் பெரிய துண்டு" என்று கத்தினாள். சாதாரணதரப் பரீட்சை வருடம் அவளுக்கு. உன்னால் முடிந்தால் விஞ்ஞானப் பாடத்தில் தொலைபேசியில் கொஞ்சம் உதவி செய். நீ அழைத்தால் மகிழ்ச்சியடைவாள்.

சின்னவன் முதன்முறை நற்கருணை வாங்கும் முதல்நன்மை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. இரத்த எண்ணிக்கை இடம்கொடுத்தால், சனமில்லாத ஒரு வாரநாள் பூசையில் கொடுப்பதாகத் தந்தை சொல்லியிருக்கிறார். நீயும் பக்கத்தில் நிற்க வேண்டும்.

விடுமுறைக்குக் கட்டாயம் வா. தடிமனோ காய்ச்சலோ இருந்தால் மட்டும் பயணத்தைத் தள்ளிவை, நான் குறை நினைக்கமாட்டேன். அவனுக்கு 38 பாகை காய்ச்சல் வந்தாலே உடனே வாட்டுக்கு ஓட வேண்டும். எருமைத் தயிர் கொண்டுவராதே, இப்போதைக்கு அவனுக்குக் கொடுக்க முடியாது. புறப்படுமுன் உங்கள் ஊர் இரத்த வங்கியில் இரத்தம் கொடுத்துவிட்டு வா. சின்னவனுக்கு என்று சொல்லத் தேவையில்லை. உன் வகுப்பில் 18 வயது நிரம்பியவர்களையும் கேட்டுப் பார்.

அம்மாவுக்கு என் அன்பு. கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள், சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு.

என்றும் அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழி