கடைமடை வரை வந்தவர்களுக்கு

அறக்கட்டளை அன்பர்களுக்கும், எங்கள் ஊர்ப் பள்ளிக்குக் கைகொடுத்த எல்லாருக்கும் வணக்கம்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர்களில் ஒன்று எங்களுடையது. இங்கே இருக்கும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு நான் தலைவராக இருக்கிறேன். என் மகள் இந்த வருடம் எட்டாம் வகுப்பு முடிக்கிறாள். பிள்ளை பள்ளியை விட்டுக் கிளம்பினால் என் பொறுப்பும் முடிந்துவிடும். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது. உங்கள் பெயரை எங்கேயும் போடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டீர்கள். புதுச் சுவரில் ஒரு கல்வெட்டு வைக்கக்கூட விடவில்லை. அதனால் இந்த மடலிலும் உங்கள் பெயர் இல்லை. படிக்கும்போது உங்களுக்குத் தெரியும்.

நான் படித்ததும் இதே பள்ளியில்தான். என் பாட்டி பள்ளிக்கூடத்துப் படியையே மிதித்தவர் இல்லை. அம்மா மூன்றாம் வகுப்போடு நடவுக்குப் போய்விட்டார். நான் பத்து வரை வந்தேன். ஆகவே இந்தக் கட்டிடம் எங்கள் வீட்டுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியபோது, ஊரில் பாதிப் பேர் இந்தப் பள்ளிக்குள்தான் இருந்தோம். மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. காலையில் வெளியே வந்து பார்த்தால் தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை. மின்கம்பமெல்லாம் வயலில் கிடந்தது. பள்ளியின் ஓட்டுக் கூரை ஒரு பக்கம் பறந்துவிட்டது, சுவர் தாங்கி நின்றது. கூரையை அரசாங்கம் சரிசெய்து கொடுத்தது. மற்றது எல்லாம் அப்படியே கிடந்தது.

நீங்கள் முதன்முதலில் வந்தது 2022 ஐப்பசி மழையில். அந்த வருடம்தான் மேலாண்மைக் குழுக்களைப் புதிதாக அமைத்திருந்தார்கள், நான் அதில் உறுப்பினர். உதவி செய்ய யாரோ வருகிறார்கள் என்றதும் கூடிப் பேசி ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தோம். பெரிய டிவி, கம்ப்யூட்டர், முன்வாசலுக்கு வளைவு. உங்கள் பொறுப்பாளர் அம்மா பட்டியலை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "இன்றைக்கு ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கலாமா?" என்று கேட்டார். காலை இறைவணக்கத்திலிருந்து சாயங்கால மணி வரை பின்பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது அவர் எங்களிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பெண் பிள்ளைகள் ஏன் தண்ணீரே குடிக்கவில்லை?

எனக்கு நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது. மகள் தினமும் கொண்டுபோகும் பாட்டில் நிரம்பியபடியே வீட்டுக்குத் திரும்பி வரும். விளையாட்டில் மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, அதே தண்ணீரைச் செடிக்கு ஊற்றியிருக்கிறேன். பள்ளியில் கழிப்பறை இருந்தது. ஆனால் மழை மாதங்களில் பூட்டித்தான் கிடக்கும். டெல்டாக்காரர்களுக்கு இது புரியும். எங்கள் மண் களிமண். ஐப்பசி கார்த்திகையில் நாலடி தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். கழிவுநீர்த் தொட்டியை மண்ணுக்குள் இறக்கிக் கட்டினால் உள்ளே இருப்பது மண்ணில் இறங்காது, மேலே எதிர்த்துக்கொண்டு வரும். நாற்றம் தாங்காமல் தலைமையாசிரியர் பூட்டுவார், தையில் திறப்பார். அந்த மூன்று மாதமும் பெண் பிள்ளைகள் காலையிலிருந்து வாயில் தண்ணீர் வைக்காமல் இருந்தார்கள். வயதுக்கு வந்த பிள்ளைகள் பலர் பள்ளிக்கே வரமாட்டார்கள். வயிற்றுவலி என்று நாங்களே லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தோம்.

நீங்கள் அனுப்பிய பொறியாளர் தம்பி வரைபடத்தோடு வந்தார். ஆனால் அதை விரிப்பதற்கு முன்னால் எங்கள் ஊர்க் கொத்தனார் பெரியவரிடம்தான் கேட்டார், தண்ணீர் அதிகபட்சம் எதுவரை நின்றிருக்கிறது என்று. பெரியவர் 2008 நிஷா புயல் மழையில் வெள்ளம் நின்ற கோட்டைப் பள்ளிச் சுவரில் கைவைத்துக் காட்டினார். அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு முழம் தள்ளி அடித்தளம் போட்டுத் தொட்டியையும் மேட்டில் வைத்துக் கட்டினார்கள். ஏறப் படி, கால் சரியில்லாத பிள்ளைக்குச் சாய்தளம். மேடு போட மண் அடித்துக் கொடுத்தவர் எங்கள் ஊர் டிராக்டர்காரர், டீசல் காசு தவிர வேறு வாங்கவில்லை. அடுத்த ஐப்பசியில் ஊரே தண்ணீரில் நின்றபோதும் அந்தக் கதவு பூட்டப்படவில்லை. மகளின் பாட்டில் காலியாக வீட்டுக்கு வந்த அன்றைக்கு நான் அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கட்டியதோடு விட்டுவிடவும் இல்லை. பினாயில், சோப்பு, குழாய் வாஷர், சுத்தம் செய்யும் அக்காவுக்குக் கையுறை என்று மாதாமாதம் ஒரு சிறு தொகை குழுவின் கணக்குக்கு வருகிறது. பில்லை நோட்டில் ஒட்டி, குழுக் கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும். முதலில் அது எங்களுக்குத் தொல்லையாகத்தான் இருந்தது. இப்போது குழுவில் இருக்கும் பெண்கள் எல்லாருக்கும் கணக்கு எழுதத் தெரியும்.

குடிநீர் விஷயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன், நீங்களே மறைக்கவில்லை. முதலில் வைத்துக் கொடுத்த சுத்திகரிப்பு இயந்திரம் நாலு மாதத்தில் நின்றுவிட்டது. கடைமடை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பை அது தாங்கவில்லை. விற்றவர்கள் போனை எடுக்கவில்லை. நீங்கள் நேரில் வந்து, "எங்கள் கணிப்பு தப்பு" என்று குழுவின் முன்னால் சொன்னீர்கள். கொடுக்கிற இடத்தில் இருப்பவர்கள் இப்படிச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. பிறகு கொள்ளிடத்திலிருந்து வரும் கூட்டுக் குடிநீர்க் குழாயிலிருந்து பள்ளிக்கு ஓர் இணைப்பு வாங்க ஊராட்சியோடு சேர்ந்து அலைந்தீர்கள். தரைத் தொட்டி கட்டி, கையால் அடிக்கும் பம்பும் வைத்தீர்கள். கரண்ட் போனாலும் தண்ணீர் வரும்.

இன்னொன்றுக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் கிளம்பிய தீ கீற்றுக் கூரையில் ஏறி 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. அப்போது நான் பத்தாம் வகுப்பு. அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் யார் வீட்டிலும் சரியாக அடுப்பு எரியவில்லை. இந்தப் பக்கத்துத் தாய்களுக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை. 2023 ஆகஸ்ட் 25 அன்று காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அதைத் தொடங்கி வைத்ததே எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் திருக்குவளையில்தான். எங்கள் சின்னப் பிள்ளைகளுக்கும் காலையில் சூடாக உப்புமாவும் பொங்கலும் கிடைத்தது. சந்தோஷத்துக்கு நடுவே எனக்குள் அடுப்பு, கேஸ், பழைய ஒயர் என்று ஓடிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். நீங்கள் அடுத்த வாரமே எலக்ட்ரீஷியனை அனுப்பிப் பள்ளி முழுக்க ஒயரை மாற்றினீர்கள். சமையலறைக்குள் இருந்த சிலிண்டரை வெளியே கூண்டில் வைத்தீர்கள். ஒரே வாசல் இருந்த பெரிய வகுப்பறையில் சுவரை உடைத்து இன்னொரு கதவு போட்டீர்கள். அந்தக் கதவைப் படம் எடுத்துப் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். எனக்கு இந்தப் பள்ளியில் நீங்கள் செய்ததிலேயே பெரியது அதுதான்.

படிப்புக்கு வருகிறேன். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த பிறகு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறினார்கள். அரசின் இல்லம் தேடிக் கல்வி மையத்தில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி தன்னார்வலராகச் சாயங்காலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நீங்கள் வெளியூரிலிருந்து ஆளைக் கொண்டுவரவில்லை. அவளுக்கே பயிற்சி கொடுத்து, படிக்கத் தடுமாறும் பிள்ளைகளோடு உட்கார வைத்தீர்கள். பீரோவில் பூட்டிக் கிடந்த கதைப் புத்தகங்களை எடுத்து வராண்டாவில் கயிறு கட்டித் தொங்கவிட்டது அவளுடைய யோசனை. கிழிந்தால் கிழியட்டும் என்று நீங்கள் சொன்னதால்தான் தலைமையாசிரியர் சம்மதித்தார். நிறையக் கிழிந்தது. ஒட்டி ஒட்டிப் படித்தார்கள்.

அந்தச் சமயத்தில் கணக்கு ஆசிரியர் இடம் காலியாக இருந்தது. நீங்களே சம்பளம் கொடுத்து ஓர் ஆளைப் போட்டுவிடுங்களேன் என்று நாங்கள் கெஞ்சினோம். நீங்கள் முடியாது என்றீர்கள். அது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை, அதை நாங்கள் எடுத்துக்கொண்டால் அந்த இடம் நிரந்தரமாகக் காலியாகிவிடும், தீர்மானம் போட்டு எழுதுங்கள் என்றீர்கள். எனக்கு அன்றைக்குக் கோபம். ஒவ்வொரு கூட்டத்திலும் தீர்மானம் போட்டோம், மனுவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகப் படி ஏறினோம். ஏழு மாதம் ஆனது. ஆசிரியர் வந்தார், இன்றும் இருக்கிறார். நீங்கள் ஓர் ஆளைப் போட்டிருந்தால் உங்கள் பணம் நிற்கும் நாளில் அவரும் போயிருப்பார் என்று இப்போது புரிகிறது. அன்று கோபத்தில் பேசியதற்கு மன்னிக்கவும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு என்று ஒன்று இருப்பதே எங்களுக்குச் சரியாகத் தெரியாது. அதில் தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நாலு வருடத்துக்கு 48,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி. சனிக்கிழமை தோறும் கணக்கு ஆசிரியரும், உங்கள் பக்கத்திலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைகளும் பழைய வினாத்தாளை வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் நிற்பது வரை கூட இருந்தார்கள். இந்த வருடம் தேறியவர்களில் என் மகளும் ஒருத்தி. தேறாத பிள்ளைகளின் வீட்டுக்கும் நீங்கள் போய், மேலே எங்கே சேர்வது என்று உட்கார்ந்து பேசினீர்களே, அதை அந்தத் தாய்கள் என்னிடம் சொல்லிச் சொல்லி மாளவில்லை. இந்த மடலில் அவர்களையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

தஞ்சைச் சீமைக்குக் கல்வித் தர்மம் புதிதில்லை. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய முக்தாம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கருக்குச் சோறு போட்டதோடு பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வழக்கம் எங்கள் மாதிரி கூலிக்காரர் வீடு வரைக்கும் வந்து சேர இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

மற்றவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொத்தனார் பெரியவருக்கு, டிராக்டர் அண்ணனுக்கு, சமையல் அக்காக்களுக்கு, கோயில் திருவிழாவில் மிஞ்சிய பணத்தைப் பெஞ்சு வாங்கக் கொடுத்த விழாக் குழுவுக்கு, சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டே சம்பளத்தில் பிடித்து அனுப்பிய எங்கள் பள்ளியின் பழைய மாணவத் தம்பிகளுக்கு, உங்களோடு முதலில் முறைத்துக்கொண்டு பிறகு ஞாயிற்றுக்கிழமையும் பள்ளியைத் திறந்து வைத்த தலைமையாசிரியருக்கு. எல்லாருக்கும் கை கூப்புகிறேன்.

போன மாசியில் ஊர்க்காரர்கள் பள்ளிக்குக் கல்விச் சீர் எடுத்தோம். நாதஸ்வரம் தவில் முன்னே போக, பெண் வீட்டுக்குச் சீர் கொண்டுபோவதுபோல் தாம்பாளத்தில் நோட்டு, பென்சில், வாளி, சுவர்க் கடிகாரம், குடம், பாய். உங்களை முன்வரிசையில் நிற்கச் சொன்னோம், வரமாட்டேன் என்றீர்கள். கடைசியில் பார்த்தால் உங்கள் பொறுப்பாளர் அம்மா ஒரு தாம்பாளத்தில் சாக்பீஸ் டப்பாக்களை அடுக்கித் தூக்கிக்கொண்டு, நாற்று நடும் எங்கள் பெண்களோடு பேசியபடியே வரிசையின் கடைக்கோடியில் நடந்து வந்துகொண்டிருந்தார்.

ஜூனில் பள்ளி திறக்கும். மேட்டூரில் தண்ணீர் விட்டால் அது எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரக் கொஞ்ச நாள் பிடிக்கும். தண்ணீர் வந்ததும் சொல்லி அனுப்புகிறேன், எல்லாரும் வாருங்கள். புதுத் தலைவரை உங்களுக்கு அறிமுகம் செய்து, கணக்கு நோட்டை உங்கள் முன்னாலேயே அவர் கையில் கொடுக்க வேண்டும். மதியச் சாப்பாடு பள்ளியில்தான். சமையல் அக்கா இப்போதே தேதி கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
எட்டாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர்