செக்ரோல் புத்தகங்களைக் கரையானுக்கு விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தேயிலைத் தோட்டத்து ஆபிஸ்களில் கிடக்கும் பழைய செக்ரோல் புத்தகங்களை, அதாவது தொழிலாளரின் பெயரும் வேலை நாளும் சம்பளமும் எழுதிய பதிவேடுகளை, பற்றி எழுத வேண்டும். பேச்சு பிரான்சில் தொடங்குகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாரிஸில் இருக்கும் மகளிடம் கடந்த ஒக்டோபரில் போயிருந்தேன். விடுமுறைக்கு நோர்மண்டிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். எத்ரெத்தாவின் வெள்ளைப் பாறை, ஒன்ஃபிளர் துறைமுகம் எல்லாம் பார்த்தோம். படத்தில் இருப்பது போலவே இருக்கின்றன, வேறு சொல்ல ஒன்றுமில்லை. திரும்புவதற்கு முந்திய நாட்களில் பார்த்ததுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

முதலில் அரொமான்ஷ். இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6ஆம் திகதி பிரித்தானியப் படைகள் இறங்கிய கரைப் பகுதி. துறைமுகம் இல்லாத இடத்துக்குத் துறைமுகத்தையே இழுத்து வந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் வார்த்த கொங்கிரீட் பெட்டிகள், பெரியவை ஒவ்வொன்றும் 6,000 தொன். கடலுக்குக் குறுக்கே இழுத்துவந்து, தண்ணீரை உள்ளே விட்டுத் தாழ்த்தினார்கள். ஒமாஹா கரையில் போட்ட இன்னொன்று அதே மாதம் 19ஆம் திகதி தொடங்கிய புயலில் நொறுங்கிப்போக, இது தாங்கியது. இந்தத் திட்டத்தை ஆரம்பத்தில் தூக்கிப்பிடித்தவர்களில் ஒருவர் மவுண்ட்பேட்டன் பிரபு. அதே 1944இல் தன் தென்கிழக்காசியத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். கடல் வற்றியதும் மிச்சமிருக்கும் துண்டுகளுக்குக் கிட்டவே நடந்துபோனோம். நம் கடல் ஒரு மீற்றர்கூட ஏறி இறங்குவதில்லை. அங்கே காலையில் பார்த்த கடலை மத்தியானம் தேட வேண்டியிருக்கிறது.

மறுநாள் பாயூ. ஏறக்குறைய 70 மீற்றர் நீளமான அந்தப் பழைய தையல் ஓவியத்தைப் பார்க்க மருமகனுக்கு ஆசை. அருங்காட்சியகம் திருத்த வேலைக்காக மூடியிருந்தது. சரி, வந்தது வந்தோம் என்று பிரித்தானியப் போர்க் கல்லறைக்குப் போனோம். 4,600க்கு மேற்பட்ட கல்லறைகள். அதில் 450க்கு மேல் எதிரியாக இருந்த ஜெர்மன்காரர்களுடையவை. அதிகாரி, சிப்பாய் என்ற வித்தியாசம் கல்லின் அளவில் இல்லை. பெயர் தெரியாதவனுக்கும் ஒரு கல் உண்டு.

மற்றவர்கள் கல்லைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் பார்த்தது புத்தகத்தை. சுவரில் ஒரு சின்ன வெண்கலக் கதவு. திறந்தால் பதிவேடு. பெயர், இலக்கம், படைப்பிரிவு, இறந்த திகதி, வயது, தெரிந்தால் தாய் தகப்பன் பெயர், எத்தனையாவது வரிசையில் எத்தனையாவது குழி. முழுப்பேர் (முழு நாள் சம்பளம்), அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போட்டுப் பழகிய செக்ரோல் கிளாக்கரின் கண்ணுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? மகள் "அப்பா, கார் பார்க்கிங் நேரம் முடியப்போகிறது" என்று கூப்பிடும் வரை புரட்டிக்கொண்டிருந்தேன். இந்தக் கல்லறையைப் பார்த்துக்கொள்ளும் பொதுநலவாய போர்க் கல்லறைகள் ஆணைக்குழுதான் நம் கண்டிப் போர்க் கல்லறையையும் பராமரிக்கிறது. அங்கே கிடப்பவர்கள் சுமார் 200 பேர். புல் வெட்டாத நாளை நான் பார்த்ததில்லை.

இனி நம் கதை. தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியில் நடக்கும்போது செத்தவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. அதற்கு இப்போது ஒன்றும் செய்ய முடியாது. வந்து சேர்ந்து பிழைத்தவர்களின் பெயர் இருக்கிறது. செக்ரோலில் இருக்கிறது. யாரும் புதிதாகக் கல் நடத் தேவையில்லை, புதிதாக ஒரு வரி எழுதத் தேவையில்லை. எழுதி வைத்ததைக் காப்பாற்றினால் போதும். அதைத்தான் செய்யவில்லை. நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், ஆபிஸைத் திருத்தியபோது பழைய புத்தகங்களைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பின்னால் குவித்தார்கள். மழை நனைத்து, கரையான் தின்று, மிச்சம் பழைய கடதாசி விலைக்குப் போனது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் ஒரு கைமாற்றம், 1992இல் கம்பனிகளுக்கு இன்னொரு கைமாற்றம். ஒவ்வொரு முறையும் தோட்டத்துக் காணியை அளந்தார்கள், தளபாடத்தை எண்ணினார்கள். புத்தகங்களை யார் கேட்டார்கள்?

இது வெறும் பழம்பெருமைப் பேச்சு என்று சிலர் நினைக்கலாம். 1948இல் நம் தோட்டத்து மக்களின் பிரஜாவுரிமை போனபின், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர்கள் இத்தனை வருடம் தொடர்ந்து இங்கே இருந்தோம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. தோட்டத்துப் பதிவைத் தேடி ஆபிஸ் வாசலில் நின்ற ஆட்களைப் பற்றி எனக்கு வேலை பழக்கிய பெரிய கிளாக்கர் கதை கதையாகச் சொல்வார். இன்றைக்கும் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசு எடுக்கப் போகிறவர்கள் படும் பாடு தெரிந்ததே. ஒரே மீனாட்சியை நாலு கிளாக்கர் நாலு விதமான ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பார்கள். அடையாள அட்டையில் ஐந்தாவது விதம். பழைய செக்ரோல் கையில் இருந்தால் எந்த வருடத்தில் பெயர் மாறியது என்று காட்டிவிடலாம். இல்லாவிட்டால் சமாதான நீதவான், சத்தியக் கடதாசி, பஸ் காசு என்று அலைச்சல்தான்.

கம்பனிகள் இவற்றைத் தேசிய சுவடிகள் திணைக்களத்திடம் ஒப்படைக்கட்டும். கொழும்பு தூரமென்றால் கண்டியில் அதற்குக் கிளை இருக்கிறது. அதுவரைக்கும் நம் பிள்ளைகள் கைபேசியில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கலாம், தோட்டத்தை நடத்தும் துரைமார் அனுமதி கொடுத்தால். மலையகப் பிரதிநிதிகள் மேடையில் நம் ஆட்கள் இங்கே வந்த 200 வருடத்தைப் பற்றிப் பேசுவதோடு, நாடாளுமன்றத்தில் இதையும் ஒரு தரம் கேட்கட்டும்.

அந்தப் புத்தகங்களின் கையெழுத்தும் சுருக்கெழுத்தும் இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது. என்னைப் போல ஓய்வுபெற்ற கிளாக்கர்மார் நோர்வுட், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கமெல்லாம் இன்னும் இருக்கிறார்கள். யாராவது தொடங்கினால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து வாசித்துக் கொடுக்க நான் தயார். பஸ் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செக்ரோல் கிளாக்கர்,
பொகவந்தலாவை.