தோட்டப் பள்ளியின் பழைய பதிவேடுகளைக் காப்பாற்றித் தரக் கோரும் மனு

அனுப்புநர்
தோட்டக் குடியிருப்புத் தொடக்கப் பள்ளியின் முன்னாள் மாணவர்கள், பெற்றோர்கள்,
சேரம்பாடி அருகில்,
பந்தலூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
உதகமண்டலம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

பொருள்: எங்கள் தொடக்கப் பள்ளியின் பழைய சேர்க்கை – நீக்கல் பதிவேடுகளை நகல் எடுத்துப் பாதுகாத்தல், பள்ளியை இதே இடத்தில் தொடர்ந்து நடத்துதல் – தொடர்பாக.

வணக்கம். எங்கள் பள்ளியை அடுத்த கல்வியாண்டில் பக்கத்துப் பள்ளியோடு சேர்க்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. எழுத்து மூலமாக எதுவும் வரவில்லை. ஆனாலும் இந்த மாதிரிப் பேச்சு கிளம்பினால் அப்புறம் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். மேல் லைனில் (லைன் என்பது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) இருந்த பள்ளிக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். அதனால்தான் முந்திக்கொண்டு எழுதுகிறோம். பள்ளியைப் பற்றிய கோரிக்கையும் இதில் உண்டு. ஆனால் முதல் கோரிக்கை, தலைமை ஆசிரியர் அறையில் ஒரு தகரப் பெட்டிக்குள் கிடக்கும் நான்கு பதிவேடுகளைப் பற்றியது.

அது ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்ல, பள்ளி வந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தின்படி, இலங்கையில் குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று முடிவானது. மீதியிருந்த 1,50,000 பேரை 1974ல் இரண்டு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து மலையேறி வந்தவர்கள் எங்கள் பெற்றோர். அவர்களைப் போன்ற தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்க 1968ல் வனத்துறை மூலமாக அரசுத் தேயிலைத் திட்டம் ஆரம்பமானது. 1976ல் அதுவே டான்டீ என்ற தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. காட்டைத் திருத்திச் செடி வைத்தார்கள், லைன் கட்டினார்கள். பள்ளிக்கூடம் என்ற நினைப்பு வந்தது அதற்கெல்லாம் பிறகுதான்.

முதலில் தனிக் கட்டடம் எதுவும் இல்லை. பிள்ளை மடுவத்தின் ஒரு ஓரத்தில்தான் வகுப்பு நடந்தது. கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தையை விட்டுச் செல்லும் இடத்துக்குச் சிலோன் வழக்கில் அந்தப் பெயர். இந்தப் பக்கம் தூளியில் குழந்தை அழும், அந்தப் பக்கம் நாங்கள் வாய்ப்பாடு சொல்வோம். பிறகு செங்கல் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு கட்டடம் எழுந்தது. இங்கே ஆனி, ஆடி மழை எப்படி இருக்கும் என்று தங்களுக்குத் தெரியாதது இல்லை. தகரத்தில் மழை இறங்கினால் வாத்தியார் பேசுவது முன் வரிசைக்கே கேட்காது. அந்த இரண்டு மாதமும் பாதிப் பாடம் கரும்பலகையில் எழுதியேதான் நடந்தது. குளிர் தாங்காத நாளில் ஒரு பழைய எண்ணெய் டின்னில் மிலாறு (கவ்வாத்து செய்த தேயிலைக் குச்சி) போட்டு மூட்டி, நடுவில் வைப்பார். புகையில் கண் எரியும். ஆனாலும் யாரும் எழுந்து வெளியே போக மாட்டோம்.

அவர் தென்காசிப் பக்கத்துக்காரர். லைனிலேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். அவர் தமிழ் எங்களுக்குப் புரியவில்லை, எங்கள் தமிழ் அவருக்குப் புரியவில்லை. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று ஒரு பையனிடம் கேட்டார். அவன் “பாண் சார்” என்றான். இந்த வயதில் பான் போடுகிறாயா என்று காதைத் திருகிவிட்டார். சிலோனில் ரொட்டிக்குப் பாண் என்று பெயர் என்பதை அவன் அம்மா வந்து விளக்கினார். அன்று மாலை அவரே அந்த லைனுக்குப் போய் ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு வந்தார். பக்கத்துக் குடியிருப்பிலிருந்து பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தபோது ஒரே வகுப்பில் நாலு விதமான பேச்சு. 1982ல் சத்துணவு வந்ததும் பள்ளிக்கு வராமல் நின்றுபோனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். அந்தக் கதை தமிழ்நாடு முழுக்க ஒன்றுதான் என்பதால் நீட்டவில்லை.

சரி, பதிவேட்டுக்கு வருகிறோம்.

முதல் பதிவேட்டின் அட்டை போய்விட்டது. சாக்குத் துணி வைத்துத் தைத்திருக்கிறார்கள். உள்ளே ஊதா மையில் வாத்தியாரின் சாய்ந்த கையெழுத்து. பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, சாதி, முன்பு படித்த பள்ளி என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறார். ‘முன்பு படித்த பள்ளி’ என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாகப் பதுளை, அட்டன், நுவரெலியா. சில இடங்களில் வெறும் ‘சிலோன்’. பெற்றோர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கைநாட்டு. கொழுந்துக் கறை ஏறிய விரல் என்பதாலோ என்னவோ, சிலவற்றில் ரேகையே விழவில்லை. பிறந்த தேதியைப் பார்த்தால் சிரிப்பு வரும். பாதிப் பேருக்கு ஜூன் முதல் தேதி. பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிறைய வேண்டும் என்று வாத்தியார் போட்ட கணக்கு அது. ஒரே நாளில் பிறந்த அத்தனை பேரும் இன்றும் ஆதாரில் அதே தேதியோடுதான் இருக்கிறோம்.

சிரிப்பு ஒரு பக்கம். எங்களில் பலருக்கு வயதுக்கும் பெயருக்கும் இதைத் தவிர வேறு சான்று கிடையாது. பிறப்புச் சான்று இலங்கையில் தங்கிவிட்டது, அல்லது கப்பலிலும் முகாமிலும் தொலைந்தது. ஐந்தாம் வகுப்பு முடித்தபோது கொடுத்த பதிவுத்தாளை லைன் வீட்டு ஈரம் தின்றுவிட்டது. முதியோர் உதவித்தொகைக்குப் போனாலும், கடவுச்சீட்டுக்குப் போனாலும், பிள்ளைகளுக்குச் சாதிச் சான்று கேட்டுப் போனாலும் கடைசியில் “பள்ளியில் வாங்கி வாருங்கள்” என்றுதான் சொல்கிறார்கள். பணியர், காட்டுநாயக்கர் குடும்பங்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். பழங்குடியினர் சாதிச் சான்றைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அவர் முன்னால் போய் நிற்கும் பையனுக்கு, அவன் அப்பா பெயருக்கு நேரே எழுதியிருக்கும் ‘பணியர்’ என்ற ஒரு சொல்லைவிடப் பெரிய சாட்சி எதுவும் இல்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே இங்கே இருந்தோம் என்று காட்ட வேண்டும். அதற்கும் இந்த ஏடு கைகொடுக்கும்.

இப்போது மேல் லைன் பள்ளி. அதை மூடியபோது பெஞ்சு, பீரோ எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டார்கள். பதிவேடுகளைச் சாக்கில் கட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். இன்று அந்தச் சாக்கு எங்கே என்று கேட்டால் ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கை காட்டுகிறது. அங்கே படித்த ஒரு அக்கா, வயதுச் சான்றுக்காக இரண்டு வருடம் அலைந்து, இனிமேல் முடியாது என்று விட்டுவிட்டார். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் பெட்டிக்கும் அதே கதி வரக்கூடாது என்பதற்காகச் சொல்கிறோம். போன மழையிலேயே பெட்டியின் அடியில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ராமபாணப் பூச்சி இரண்டாம் பதிவேட்டின் ஓரத்தைச் சல்லடையாக்கிவிட்டது.

பள்ளியைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறோம். இன்று படிப்பது 14 பிள்ளைகள். இந்த எண்ணிக்கைக்கு அரசு மட்டும் காரணம் இல்லை. ஓய்வு பெற்றவர்கள் திருப்பூர், கோவை என்று இறங்கிவிட்டார்கள். இங்கேயே இருக்கும் எங்களில் சிலரும் பிள்ளைகளை வேனில் ஏற்றி ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினோம். இந்த மனுவில் கையெழுத்துப் போட்டவர்களிலும் அவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மிச்சமிருக்கும் 14 பேர் வேனுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு, விடிந்ததும் கொழுந்துக்கு ஓடும் தாய்மார்களுக்கு இந்தப் பள்ளியை விட்டால் வேறு வழியில்லை. சேர்க்கப் போவதாகச் சொல்லும் பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு மேல். நடுவில் சதுப்பும் யானை இறங்கும் வழியும் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்குக்கூட மூடுபனியில் பத்தடி முன்னால் நிற்பது புதரா யானையா என்று தெரியாது. கட்டாயக் கல்விச் சட்டத்துக்காக 2010ல் மத்திய அரசு வகுத்த விதிகளிலேயே, தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், நிலச்சரிவும் ஆபத்தான வழியும் உள்ள இடங்களில் அந்தத் தூரத்தை இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. இந்த மலையை மனதில் வைத்தே எழுதினார்களோ என்று தோன்றும்.

ஆகவே தங்களை வேண்டிக் கேட்டுக்கொள்வது இதுதான். பள்ளியை என்ன செய்வது என்று முடிவாகும் வரை காத்திருக்காமல், வரும் மழைக்கு முன்பாகவே நான்கு பதிவேடுகளையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் எடுக்க உத்தரவிட வேண்டும். ஒரு நகல் தங்கள் அலுவலகத்தில், ஒன்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில், முடிந்தால் ஒன்று எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கட்டும். அந்த நகலைக் காட்டி எங்களுக்குச் சான்று தரலாம் என்று எழுத்தில் ஒரு வரி வேண்டும், இல்லாவிட்டால் “மூலம் எங்கே” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். மேல் லைன் பள்ளியின் சாக்கையும் தேடச் சொல்ல வேண்டும். பள்ளியை அந்த 14 பிள்ளைகளுக்காக இங்கேயே தொடர வேண்டும். ஒருவேளை பிள்ளைகளே இல்லாத காலம் வந்தால், 2019ல் மாணவர் சேர்க்கை இல்லாத 46 பள்ளிகளை நூலகமாக மாற்ற அரசு முடிவெடுத்தது போல, கட்டடத்தை இடிக்காமல் படிப்பகமாக விட்டுத் தர வேண்டும்.

ஸ்கேன் எடுக்க ஆளும் கருவியும் இங்கே வர வசதிப்படாவிட்டால், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் தலைமை ஆசிரியரின் அனுமதியோடு பெட்டியை முதல் பேருந்தில் நாங்களே உதகைக்குக் கொண்டு வருகிறோம். மழைத் தாளில் சுற்றி எடுத்து வருவோம். பார்த்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் மாணவர்கள், பெற்றோர்கள்
(கையெழுத்துகளும் கைநாட்டுகளும் தனித்தாளில்)

இடம்: பந்தலூர்

இணைப்பு: முதல் பதிவேட்டின் மூன்று பக்கங்களின் ஒளிநகல், பூச்சி அரித்த பக்கத்தின் புகைப்படம்.