அந்தப் பரிசோதனை வேண்டாம் என்பதற்கான காரணம்

திருவையாறு

அன்புள்ள மகன் செழியனுக்கு,

அம்மாவும் நானும் நலம். உன் தோல் நோயான சொரியாசிஸ் எவ்வளவு தீவிரம் என்று அறிய ரத்தத்தில் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தின் அளவைப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்பதே என் எண்ணம். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவனே இப்படிச் சொல்வதால் காரணத்தையும் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது, உன் முழங்கையில் செதில் பெயர்ந்த இடத்தில் ஊசிமுனை அளவில் ரத்தப் புள்ளிகள் அரும்பியதைப் பார்த்து அம்மா பதறினாள் அல்லவா? அதற்கு ஆஸ்பிட்ஸ் அறிகுறி என்று பெயர். படை உள்ள இடத்தில் விரைந்து பெருகும் மேல்தோல் செல்கள் ரத்தக்குழாய்களை வளர்க்கும் வி.இ.ஜி.எஃப். புரதத்தை மிகுதியாகச் சுரக்க, அடித்தோலின் நுண்குழாய்கள் நீண்டு, விரிந்து, முறுக்கிக்கொண்டு மேற்பரப்பை நெருங்கிவிடுகின்றன. படையின் சிவப்புக்கு அவையே காரணம். வெள்ளணுக்கள் மேலும் மேலும் வந்திறங்கி அழற்சியைத் தொடரச் செய்வதும் அவற்றின் வழியாகத்தான். சொரியாசிஸ் தோலில் இப்புரதம் மிகுந்திருப்பதை ஆய்வாளர்கள் 1994இலேயே காட்டிவிட்டார்கள்.

நோய் கடுமையாக உள்ளவர்களின் ரத்தத்திலும் அது கூடுதலாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அது பலரைச் சேர்த்துப் பார்த்தபோது தெரியும் போக்கு. ஒருவருடைய ஒற்றை எண்ணை வைத்து மருந்தை முடிவு செய்ய முடியாது. உடல் பருமன், புற்றுநோய் போன்றவற்றிலும் அது உயரும். அதைவிட, ரத்தம் உறையும்போது தட்டணுக்களே தம்மிடமுள்ள வி.இ.ஜி.எஃப்.-ஐ வெளிவிடுவதால், ஒரே கையில் ஒரே நேரத்தில் எடுத்த ரத்தமானாலும் உறைந்தபின் பிரியும் நீரான சீரத்தில் ஓர் அளவும், உறையவிடாமல் பிரிக்கும் நீரான பிளாஸ்மாவில் அதைவிடக் குறைந்த அளவும் வரும். இதில் எதை நம்பி நீ கவலைப்படுவாய்?

தீவிரத்தை அளக்க மருத்துவர்கள் 1978 முதல் பயன்படுத்தும் பாசி (PASI) என்னும் மதிப்பெண்ணுக்கு ஒரு சொட்டு ரத்தமும் தேவையில்லை. தலை, கைகள், உடல், கால்கள் எனப் பிரித்து, சிவப்பு, தடிப்பு, செதில் ஆகியவற்றையும் படை பரவிய பரப்பையும் கணக்கிட்டு 0 முதல் 72 வரை மதிப்பிடுவார்கள். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் சிவப்பு ஊதாவாகவோ கருமையாகவோ தெரிந்து குறைத்து மதிப்பிடப்படக்கூடும் என்பதால், அவசரமில்லாமல் நல்ல வெளிச்சத்தில் பார்க்கும் தோல் மருத்துவரிடம் போ. மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையை எழுதினால் அது வாரம் ஒருமுறை மட்டுமே, தினமும் விழுங்கிவிடாதே. அவர் சொல்லும் கல்லீரல் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள், பணம் அதற்குச் செலவாகட்டும்.

காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் விறைத்தோ வீங்கியோ இருக்கின்றனவா என்று நீ எழுதவில்லை. இந்நோய் மூட்டையும் தாக்கும். அதை மட்டும் உடனே தெரிவி.

அன்புடன்,
அப்பா