தெர்மாமீட்டரோடு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

உன் அம்மா கட்டி அனுப்பும் பார்சலில், முறுக்குக்கும் பருப்புப்பொடிக்கும் நடுவே ஒரு புதிய தெர்மாமீட்டர் இருக்கும். அதைச் சுற்றியிருக்கும் காகிதம்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொன்னால் “தெரியும் அப்பா” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாய். உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆயினும் வரும் 14-ஆம் தேதி, முதல் முறையாக நான் பக்கத்தில் இல்லாமல் நீ உன் குரோன் குடல்நோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ளப் போகிறாய். உன் பன்னிரண்டாம் வயதிலிருந்து ஏழு ஆண்டுகளாக உன் காய்ச்சலுக்கும் சளிக்கும் வயிற்றுப்போக்கிற்கும் முடிவெடுத்தவன் நான். அந்த முடிவுகளை எப்படி எடுத்தேன், எங்கே தவறினேன் என்பதை எழுத்தில் ஒப்படைப்பதுதான் முறை என்று தோன்றியது.

தவறியதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அதன் முழுக்கதை உனக்குத் தெரியாது. உனக்குப் பதின்மூன்று வயதிருக்கும். மருந்து ஏற்ற மதுரைக்குப் புறப்பட வேண்டிய நாளில் விடியற்காலை நான்கு மணிக்கு உன் நெற்றியைத் தொட்டேன், இலேசாகச் சுட்டது. தெர்மாமீட்டர் 100.6 காட்டியது. பள்ளியில் விடுப்பு வாங்கியாகிவிட்டது, மருந்துக்குப் பணம் கட்டியாகிவிட்டது, இந்த முறை தள்ளிப்போனால் உன் வயிறு மறுபடியும் கிளம்பிவிடுமோ என்ற பயம் வேறு. நீ அரைத்தூக்கத்தில் விழுங்கிய வழக்கமான மாத்திரைகளோடு ஒரு பாராசிட்டமாலையும் சேர்த்துக் கொடுத்தேன். எட்டரை மணிக்கு மருத்துவமனையில் வெப்பநிலை இயல்பாக இருந்தது. செவிலியர் கேட்டபோது காய்ச்சல் இல்லை என்று நானே சொன்னேன். பதினொரு மணிக்கு, டிரிப்ஸ் பாதி இறங்கியிருந்தபோது, உனக்குக் குளிர் நடுக்கம் வந்தது உனக்கு நினைவிருக்கும். உடனே மருந்தை நிறுத்தினார்கள். அது மருந்து ஒத்துக்கொள்ளாமல் வந்த நடுக்கமா, வேறு தொற்றா என்று அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதிவிட்டால், உனக்கு வேலை செய்த ஒரே மருந்தை நாம் இழந்துவிடுவோம். அப்போதுதான் மருத்துவரைத் தனியே அழைத்து உண்மையைச் சொன்னேன். சிறுநீரைப் பரிசோதித்தார்கள், சிறுநீர்த்தொற்று. ஒரு வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பின், பத்து நாள் கழித்து அதே மருந்தை ஏற்றினார்கள். எந்தத் தொந்தரவும் வரவில்லை. மருத்துவர் என்னைத் திட்டவில்லை. “சார், காய்ச்சலோடு வந்தால் நான் ஒரு வாரம் தள்ளிப்போடுவேன், அவ்வளவுதான்” என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

உன் உடம்பில் காய்ச்சலுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதை, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன், பொறுத்துக்கொள். டி.என்.எஃப். என்று ஒரு புரதம் இருக்கிறது. கிருமி நுழைந்ததும் தெருத்தெருவாகத் தண்டோரா போட்டு ஆள் சேர்ப்பது அதன் வேலை. குரோன் நோயில் அது கிருமியே இல்லாமலும் தண்டோரா போடுகிறது, கூட்டம் வந்து குடலையே புண்ணாக்குகிறது. உனக்கு ஏற்றும் இன்ஃப்ளிக்ஸிமேப் அந்தப் புரதத்தைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. குடல் ஆறுகிறது, ஆனால் உண்மையாகவே கிருமி வரும் நாளிலும் தண்டோராச் சத்தம் மெலிதாகத்தான் கேட்கும். மற்றவர்களுக்கு 103 அடிக்கும் தொற்று உனக்கு 100.5-இல் நின்றுவிடலாம். ஆகவே 100.4 பாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ், உனக்கு எல்லைக்கோடு. அதைத் தொட்டால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட வேண்டும், மறுநாள் தேர்வு இருந்தாலும்.

முதலில் அளந்து எழுதிவை, பிறகு மாத்திரை போடு. 46 கிலோ எடைக்குப் பாராசிட்டமால் 500 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, போதும். விடுதியில் யாராவது இபுபுரூஃபன் நீட்டினால் வாங்காதே: அது குரோன் நோயைக் கிளப்பிவிடக்கூடியது; போதாததற்கு, சென்னை மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவுக்கும் வழி செய்யும்.

காய்ச்சல் இல்லாத வெறும் சளிக்கு இந்த அமர்க்களம் எதுவும் வேண்டாம். இதை நான் கற்றுக்கொள்ள இரண்டு மழைக்காலம் ஆயிற்று. வகுப்பறையிலிருந்து மூக்குச்சளியை நானே சுமந்து வருவேன் என்று பயந்து, கிணற்றடியில் குளித்துச் சட்டை மாற்றிய பின்பே வீட்டுக்குள் நுழைந்தேன். உன்னை மூன்று வாரம் பள்ளிக்கே அனுப்பாமல் வைத்திருந்தேன். குழந்தை படிக்கத்தானே மருந்து கொடுக்கிறோம், அனுப்புங்கள் என்றார் மருத்துவர். மூக்கு ஒழுகுவதும் தொண்டை கரகரப்பதும் உனக்கும் மற்றவர்களுக்குப் போலவே வந்து போகும், சிலசமயம் இரண்டு நாள் கூடுதலாக இழுக்கும். ஆனால் ஏற்றும் நாளன்று சளி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடு. ஏற்றலாமா, தள்ளலாமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். நீயாகத் தள்ளிப்போடாதே. எட்டு வார இடைவெளி மிகவும் நீண்டுவிட்டால் உடம்பு அந்த மருந்துக்கே எதிர்ப்பொருள் உண்டாக்கத் தொடங்கலாம். பிறகு மருந்து ஏறும், வேலை செய்யாது.

இருமல் மட்டும் வேறு கணக்கு. உனக்கு மருந்து தொடங்குவதற்கு முன் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்கக் கையில் மேன்டூ ஊசி போட்டு, தடித்த இடத்தை ஸ்கேல் வைத்து அளந்தது நினைவிருக்கும். நம் நாட்டில் பலருடைய உடம்பில் காசநோய்க் கிருமி உறங்கிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றி உடல் கட்டும் மதில் நிற்பதற்கும் அதே டி.என்.எஃப். வேண்டும். அதனால்தான் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் காசநோய் மருந்தான ஐசோநயாசிட்டை ஆறு மாதம் சாப்பிட்டாய். பரிசோதனை ஒருமுறை முடிந்ததால் கணக்குத் தீர்ந்தது என்று எண்ணாதே. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால், மாலையில் மெல்லிய காய்ச்சலும் இரவில் வியர்வையும் சேர்ந்தால், தொண்டை மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளாமல் மருத்துவரிடம் காட்டு.

அம்மை விஷயத்தில் நம் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுச் சிறுவன் உன்னோடு பல்லாங்குழி ஆடிவிட்டுப் போன மறுநாள் அவனுக்குக் கொப்புளம் கிளம்பியது. அவர்கள் வாசலில் வேப்பிலை செருகினார்கள். “அம்மன் வந்திருக்கும் வீட்டைப் பற்றி மருத்துவரிடம் பேசக் கூடாது” என்று ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆச்சியின் பக்தியை நான் குறை சொல்லவில்லை. மாடிக்குப் போய் மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினேன். உன் இரத்தத்தில் சின்னம்மைக்கு எதிர்ப்பு இல்லை என்பது முன்பே தெரியும்; அதற்கான தடுப்பூசி உயிருள்ள கிருமியால் ஆனது, உனக்குப் போடக் கூடாது. ஆகவே மருத்துவர் தடுப்பாக அசைக்ளோவிர் என்ற அம்மைக் கிருமி எதிர்ப்பு மருந்தை எழுதித் தந்து, மூன்று வாரம் உடம்பைக் கவனிக்கச் சொன்னார். கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே அது தொற்றும். எனவே அறையில் யாருக்காவது வந்தால், நீ விலகிவிட்டாய் என்பது போதாது, அன்றே சொல். யாருக்காவது அக்கி வந்து, ஊரில் போய்க் காவியால் எழுதிக்கொண்டு திரும்பினாலும் கணக்கு ஒன்றுதான்: அக்கிக் கொப்புளத்திலிருக்கும் கிருமியும் உனக்குச் சின்னம்மையைத் தரும்.

ஊசியாகப் போடும் ஃப்ளூ தடுப்பூசியில் உயிருள்ள கிருமி இல்லை, ஆண்டுதோறும் போட்டுக்கொள். டைஃபாய்டு ஊசியிலும் உயிருள்ள கிருமி இல்லை, நீ போட்டிருக்கிறாய், அதற்காக விடுதிக் குழாய்த் தண்ணீரைக் குடித்துவிடாதே. வேளச்சேரிப் பக்கம் தெருவில் தண்ணீர் நின்றால் காலில் புண்ணோடு இறங்காதே. எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணீரில்தான் வருகிறது. ஆஃப் பாயிலை மறந்துவிடு, முட்டையை முழுதாக வேகவைக்கச் சொல். தயிரும் மோரும் தாராளமாகச் சாப்பிடலாம்.

வயிற்றுப்போக்குதான் உன்னைக் குழப்பப்போவது. மெஸ் சாப்பாடு செய்த வேலையா, பழைய நோய் திரும்பியதா என்று அனுபவத்தால் கண்டுபிடித்துவிடலாம் என நானும் நம்பியிருந்தேன். இரண்டு முறை தவறாகச் சொன்னேன். மலப் பரிசோதனைதான் அதைச் சொல்லும். அதுவரை போக்கை நிறுத்தும் மாத்திரை எதையும் கடையில் வாங்கிப் போடாதே. 20.5 கிராம் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் முழுவதுமாகக் கரைத்துக் குடி. அரைப் பொட்டலம், கால் லிட்டர் என்ற கண்ணளவு வேண்டாம். இரத்தம் தெரிந்தால் காத்திருக்காதே.

அத்தை உனக்கென்று சீந்தில் பொடி அனுப்பியிருக்கிறாள், எதிர்ப்புச் சக்தி கூடுமாம். கூடினால் நமக்கு என்ன ஆகும் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதியிருக்கிறார்கள். பொடி என் அலமாரியில் இருக்கிறது. அத்தை கேட்டால் கிடைத்தது என்று மட்டும் சொல்.

எந்த மருத்துவமனையில் எந்த நள்ளிரவில் யார் பணியில் இருந்தாலும் முதல் வாக்கியமாக, “எனக்கு எட்டு வாரத்துக்கு ஒருமுறை இன்ஃப்ளிக்ஸிமேப் ஏற்றுகிறார்கள், கடைசியாக இந்தத் தேதியில் ஏற்றினார்கள்” என்று சொல். காய்ச்சல் என்று தொடங்கினால் வரிசையில் உட்காரவைப்பார்கள். உன் காய்ச்சல் அளவுகளை நான் எழுதிவந்த பழைய நீல நோட்டையும் பார்சலில் வைத்திருக்கிறேன். அதில் ஒரு பக்கத்தில் 100.6 என்று எழுதி அடித்திருப்பேன், அது அந்த மதுரை நாள்.

14-ஆம் தேதி காலை ஆறு மணிக்கு, எந்த மாத்திரையும் போடுவதற்கு முன், தெர்மாமீட்டர் காட்டும் எண்ணை எனக்கு அனுப்பு. பருப்புப்பொடியை அறைத்தோழிகளுக்கும் கொடு, தனிக் கரண்டி போட்டு.

அன்புடன்,
அப்பா